நிலாமதியின் நாற்பத்திரண்டு விநாடி

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று காலை சூரியன் மேற்கே உதித்திருந்தாலும் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். வியாழக்கிழமை, சீரியல்களின் தரவரிசை வரும் நாள். என் திருக்கரத்தால் வசனம் எழுதப்படும் ‘ஆதவன் வீட்டு நிலா’ நான்காம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு உருண்டுவிட்டது. விழுந்த சத்தம் திண்டிவனம் வரை கேட்டிருக்கும்.

சேனல் அதிகாரி நந்திதாவுக்கு என் வயதில் பாதி. வெள்ளைப் பலகையில் இரண்டு கோடு போட்டாள். ஒன்று நாயகன் ஆதவன். முதல் எபிசோடில் தாலி கட்டிய கையோடு மனைவியை வாசலில் நிற்கவைத்த முரடன். இன்றைக்கு அனாதை இல்லத்துக்குத் தன் கையால் இட்லி அவித்துக்கொண்டு போகும் உத்தமன். அந்தக் கோடு கொல்லிமலை போல ஏறியது. இன்னொன்று நாயகி நிலாமதி. அது மின்கம்பி போல நேராகப் போயிற்று. ஒரு காக்காய்கூட உட்காரவில்லை.

“மாமா, ரெண்டு வருஷத்துல இவ என்ன கத்துக்கிட்டா?” என்றாள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நான் மாமா. சபேசன் என்பது ஆதார் அட்டையில் மட்டும்.

“பொறுமை.”

“அது முதல் எபிசோட்லயே இருந்துச்சு மாமா.”

விருத்தாசலத்திலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினாள்: ‘ஆதவன் எங்கியோ போயிட்டான். அந்தப் பொண்ண மட்டும் ஏன் வாசல்லயே நிக்க வச்சிருக்கீங்க? கால் வலிக்காதா?’

சுகந்தி ஊரில் இல்லை. என் மனைவி. நிலாமதிக்குக் குரல் கொடுப்பவளும் அவள்தான்; திரையில் வாயசைப்பது சைத்ரா என்ற ஷிமோகாப் பெண், அழுவது என் வீட்டு அம்மையார். திருச்சியில் தங்கைக்குக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது என்று நாலு நாளுக்குப் போனாள். “ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்கு” என்றுவிட்டுப் போனாள். இன்றோடு பன்னிரண்டு நாள். மாவு இப்போது தனியாக ஒரு உயிரினமாகிவிட்டது. மூடியைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

சிலிண்டர் தீர்ந்தது. புதிது பொருத்தினேன். தெருவில் யாரும் மாலை போட வரவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சுகந்தி தன் போனை எடுப்பதில்லை. அதனால் திருச்சி வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது மச்சினி மகள் யாழினி. இருபத்து நாலு வயது, நாக்கு மட்டும் நாற்பது.

“என்ன பெரியப்பா, சமையல் எல்லாம் எப்படிப் போகுது?”

“அரண்மனைச் சமையல்காரர்கள் பொறாமையில் தற்கொலை செய்துகொள்கிறார்கள். உங்கம்மா கால் எப்படி இருக்கு?”

“அம்மாவா? காலைல காந்தி மார்க்கெட் போய் ரெண்டு பை தூக்கிட்டு வந்தாங்க. டாக்டர் நடக்கலாம்னு சொல்லி ஒரு வாரம் ஆச்சே.”

“உங்க பெரியம்மா?”

“ஸ்ரீரங்கம் போயிருக்காங்க. தினமும்தான் போறாங்க.”

பெருமாள் மேல் அவளுக்குத் திடீரென்று இவ்வளவு பக்தி எப்படி வந்தது என்று புரியவில்லை. எலும்பு இத்தனை வேகமாகச் சேர்ந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. மருத்துவ உலகம் எதிலும் அவசரப்படுகிறது.

மாலை மிக்ஸி ஜாரைத் தேடிப் பரணில் ஏறினேன். தலையணை உறைக்குள் ஒரு பெட்டி. சுகந்தியின் சுருதிப்பெட்டி. அதன்மேல் இருந்த தூசியில் இரண்டு போகம் நெல் விளையும். எப்போது அங்கே ஏறியது என்று எனக்கு நினைவில்லை. ஜார் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

டப்பிங் தியேட்டருக்குப் போனேன். சுகந்திக்குப் பதிலாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் அழுதால் குக்கர் மூன்று விசில் விட்டு அடங்குவது போலிருக்கிறது. ஒலிப்பதிவாளர் பாஷா பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“சுகந்தி மேடம் எப்ப வர்றாங்க மாமா?”

“எலும்பு, பாய். எலும்பு நம்ம பேச்சைக் கேக்குமா?”

பக்கத்து அறையில் எடிட்டர் நிலாமதியைக் கதைக்குள் சொருகிக்கொண்டிருந்தார். சொருகுவது என்றால் சொருகுவதேதான். சைத்ராவுக்குக் கன்னடத்திலும் ஒரு சீரியல். மாதத்தில் ஆறு நாள்தான் சென்னைக்கு வருவாள். அந்த ஆறு நாளில் கதவோரம் அழுவது, ஜன்னலோரம் அழுவது, கண் மட்டும் கலங்குவது, அதிர்ந்து திரும்புவது என்று முகபாவங்களை மட்டும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்வோம். அறுபத்து நான்கு கலைகள் போல அறுபத்து நான்கு துண்டுகள் கையிருப்பில் உண்டு. ஆதவன் அந்த வாரம் எந்த மகத்தான காரியம் செய்தாலும் எடிட்டர் அதற்குத் தோதான ஒன்றை எடுத்து ஒட்டுவார். இந்த முறையைக் கண்டுபிடித்தவன் அடியேன்தான். சைத்ராவின் தேதி கிடைக்காத குறையே தெரியாமல் போயிற்று. அப்போது எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

“பதினேழாம் நம்பர் தேஞ்சு போச்சு மாமா. நாப்பது தடவ போட்டாச்சு” என்றார் எடிட்டர்.

பதினேழு: கணவனைப் பெருமிதத்தோடு பார்த்தல்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒன்பதாம் இடம்.

நந்திதா முடிவு சொல்லிவிட்டாள். ஐந்நூறாவது எபிசோடில் ஆதவன் நிலாமதியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அதற்கு நிலாமதி பதில் சொல்கிறாள். துண்டு ஒட்டுவதெல்லாம் கிடையாது; முழுசாக ஒரு பக்கம் பேசுகிறாள். “ரெண்டு வருஷம் வளராதவ ஒரு சீன்ல வளரணும் மாமா. உங்களால முடியும்.”

“ஒரே இரவில் கோபுரமே கட்டியிருக்கிறேன்” என்றேன். நான் கட்டியதில்லை. இருந்தாலும் சொல்வதற்கு நன்றாக இருந்தது.

“இன்னொண்ணு. அந்த சீன் சுகந்தி மேடம் குரல்லதான் வரணும். பதினாறாம் தேதி டப்பிங். அவங்க வரலன்னா இனிமே நிலாமதிக்கு இந்தப் புதுப் பொண்ணுதான். ரெண்டு குரல்ல ஓட்ட முடியாது.”

“வந்துவிடுவாள்” என்றேன். குரல் எனக்கே சரியாக வரவில்லை. எனக்கும் டப்பிங் வேண்டும் போலிருந்தது.

செப்டம்பர் 6, சனி

மனித வரலாற்றில் ஒரு பக்கத்துக்கு இத்தனை காகிதம் செலவானதில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்த தூரத்தைக் கூட்டினால் இந்நேரம் காசியில் இருந்திருப்பேன்.

முதல் வரைவில் நிலாமதி மன்னித்தாள். இரண்டாவதில் மன்னித்துவிட்டு அழுதாள். மூன்றாவதில் அழுதுவிட்டு மன்னித்தாள். நான்காவதில் கோபப்பட்டாள், ஆனால் அரைப்பக்கத்துக்குள் கோபப்பட்டதற்காக அவளே மன்னிப்புக் கேட்டுவிட்டாள். ஐந்தாவதில் வீட்டை விட்டே கிளம்பினாள். வாசல்வரை போனவள், ஃப்ரிட்ஜில் மாவு இருப்பதைச் சொல்லத் திரும்பி வந்தாள். ஆறாவதில் எவ்வளவோ முட்டுக்கொடுத்து நிமிர்த்தி நிறுத்தினேன். ஆதவனை நேருக்கு நேர் பார்த்தாள். உதடு துடித்தது. “நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள்.

பேனாவைக் கழுவி வைத்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

யாழினியிடம் கெஞ்சிக் கூத்தாடி சுகந்தியைப் போனில் வரவழைத்தேன்.

“சொல்லுங்க” என்றாள்.

“நிலாமதிக்கு ஒரு சீன் வந்திருக்கு சுகந்தி. முழுசா ஒரு பக்கம்.”

“சந்தோஷம். அழணுமா?”

“கம்மிதான்.”

“என்ன பேசறா?”

“அதத்தான் எழுதிட்டிருக்கேன். நீ பக்கத்துல இருந்தா ஏதாவது சொல்லுவ. அத வச்சு…”

“அது தெரிஞ்ச கதைதானே” என்றாள். கோபமே இல்லை. “நானூத்தி எழுபத்தி நாலாவது எபிசோட் ஓடிச்சே, பாத்தீங்களா? யாழினிகூட அந்த வரிய ஸ்டேட்டஸ் வச்சிருந்தா. ஆதவன் போட்டோவோட.”

“சுகந்தி, அது வந்து…”

“அடுப்பு எரியுது. வச்சிடறேன்.”

சரி. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதித் தொலைக்கிறேன். ஜூலையில் ஸ்ரீரங்கத்தில் சுகந்தியின் பாட்டு டீச்சருக்கு ஒரு பாராட்டு விழா. கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம்தான் இவள் ஒன்பது வருஷம் கற்றுக்கொண்டாள். டிக்கெட் போடும் பொறுப்பு என்னுடையது. சீரியல் மும்முரத்தில் மறந்துவிட்டேன். விழா அன்று காலைதான் ஞாபகம் வந்தது. உடனே மன்னிப்புக் கேட்டேன், நான் அப்படிப்பட்டவன். கேட்ட கையோடு, “காபி இருக்கா?” என்றேன். அதற்கு அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: “மன்னிப்புக் கேட்டவங்க பதிலுக்கும் கொஞ்சம் காத்திருக்கணுங்க.”

எவ்வளவு அழகான வரி. கைக்குக் கிடைத்த காலண்டர் தாளில் குறித்துக்கொண்டேன். நானூற்று எழுபத்து நாலாவது எபிசோடில் ஆதவன் தன் தம்பிக்குப் புத்தி சொல்லும் இடத்தில் வைத்தேன். தமிழ்நாடே கைதட்டியது. ஆதவனின் கோடு இன்னொரு முழம் ஏறியது.

அந்த எபிசோடுக்கு டப்பிங் பேச சுகந்திதான் போனாள். ஆதவன் அந்த வரியைச் சொல்ல, நிலாமதி கதவோரம் நின்று பார்க்கிறாள். பதினேழாம் நம்பர். சுகந்தி அந்த இடத்தில் பேசவேண்டியது ஒரே ஒரு விசும்பல். விசும்பினாள். மறுநாள் தங்கையின் கணுக்கால் முறிந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாம்பாரில் உப்பில்லை. பிறகு நிறைய இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

நான் சிகரெட்டை விட்ட பதினாறாம் ஆண்டு நிறைவு விழா. உலக நாடுகள் விடுமுறை அறிவித்திருக்க வேண்டிய நாள். வருஷா வருஷம் சுகந்தி பாயசம் வைப்பாள். நான் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, விட்ட கதையைப் பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்வேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்று யாருக்கும் சொல்லவில்லை. அவள் எதை விட்டாள், எந்த வருஷம் விட்டாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் நாங்கள் பாயசம் வைத்ததில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

தரவரிசையைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்று அந்தக் காட்சிக்குப் படப்பிடிப்பு.

வழக்கமாக வசனத் தாளை உதவி இயக்குநர் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படிப்பார். நடிகர்கள் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். இன்று படிக்கத் தாள் இல்லை. இயக்குநர் இளம்பரிதி என்னைக் காபி மெஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“மாமா, சைத்ராவுக்கு நாலு மணிக்கு ஃப்ளைட். விட்டா அடுத்த மாசம்தான். டயலாக் எங்க?”

“பிறந்துகொண்டிருக்கிறது.”

“இன்னுமா? ஆனையா மாமா அது?”

ஒரு வழி எங்கள் தொழிலில் உண்டு. வசனம் வராத நாளில், மொழி சரியாக வராத நடிகையிடம் எண்களைச் சொல்லச் சொல்வோம். உணர்ச்சியோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னால் போதும்; உதடு அசைந்துவிடும். பிறகு டப்பிங்கில் அந்த அசைவுக்குத் தக்கபடி வார்த்தையைப் பொருத்திக்கொள்ளலாம்.

சைத்ராவிடம் போனேன். “அம்மா, உங்க ஊர் பாஷையிலயே எண்ணு. அழாதே. ரொம்ப நாளா சொல்லாம வச்சிருந்தத சொல்ற மாதிரி எண்ணு.”

“மாமா, ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் எனக்கு அழாதேன்னு சொல்றீங்க” என்றாள் அந்தப் பெண்.

விளக்குப் போட்டார்கள். ஆதவன் மன்னிப்புக் கேட்டான்; அவனுக்கு ஒன்றரைப் பக்கம் வசனம், என் உச்சபட்சப் படைப்பு. சைத்ரா நிமிர்ந்தாள். ஒந்து, எரடு, மூரு என்று ஆரம்பித்தாள். பத்துவரை மெதுவாக. இருபதில் குரல் தடித்தது. மூவத்தொந்துவில், அதாவது முப்பத்தொன்றில், நின்றுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு ஆதவனைப் பார்த்தாள். அப்புறம் மிக நிதானமாக, மூவத்தெரடு, மூவத்மூரு, மூவத்நால்கு. அவ்வளவுதான்.

லைட்மேன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று சொன்னார். வெறும் எண்கள், நான் எழுதிய ஒன்றரைப் பக்கம் அதற்கு முன்னால் ஊறப்போட்ட அப்பளம் போல ஆகிவிட்டது.

நாற்பத்திரண்டு விநாடி.

செப்டம்பர் 12, வெள்ளி

அந்த நாற்பத்திரண்டு விநாடியையும் சத்தத்தை நீக்கி யாழினி போனுக்கு அனுப்பினேன், சுகந்திக்குக் காட்டச் சொல்லி. கூடவே ஒரு கடிதம் எழுதினேன். என் இதயம் எரிமலை, உன் பிரிவு ஊழிக்காலம் என்று ஐந்து பக்கம். படித்துப் பார்த்தால் ஆதவன் பேசுவது போலவே இருந்தது. கிழித்தேன்.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: ‘இவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை சுகந்தி. உனக்குத் தெரியும். நீயே எழுதிப் பேசு. நான் ஒரு எழுத்தும் தொடமாட்டேன்.’

செப்டம்பர் 13, சனி

பதில் இல்லை. இளம்பரிதி ஒன்பது முறை கூப்பிட்டார். வசனம் சமத்தாகத் தூங்குகிறது, எழுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை சாலிக்கிராமத்திலிருந்து நடக்க ஆரம்பித்து வடபழனி, கோடம்பாக்கம் என்று போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பினேன். வீட்டில் உட்கார்ந்தால் நாற்காலி குத்துகிறது. போனை மாவுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். மாவைக் கொட்டிவிட்டேன்.

மாலை யாழினியே கூப்பிட்டாள்.

“பெரியப்பா, என்ன அனுப்பி வச்சீங்க? பெரியம்மா என் போன குடுக்கவே மாட்டேங்கறாங்க. முப்பது தடவ பாத்திருப்பாங்க.”

“ஏதாவது சொன்னாளா?”

“இதுல சத்தமே இல்லையேன்னு நான் கேட்டேன். ஆமான்னாங்க.”

“அவ்வளவுதானா?”

“என்கிட்ட ஒரு பேனா கேட்டாங்க.”

செப்டம்பர் 16, செவ்வாய்

விடிகாலை வண்டியில் வந்து நேராக டப்பிங் தியேட்டருக்கே வந்துவிட்டாள். தோளில் ஒரே ஒரு பை. ஒரு பை என்றால் என்ன அர்த்தம் என்று காலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கையில் நோட்டுத் தாள் ஒன்று. வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினேன். பழக்கம். அவள் தாளை மடித்தாள்.

“தொடமாட்டேன்னு எழுதியிருந்தீங்க.”

கையை எடுத்துக்கொண்டேன். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். நந்திதா, இளம்பரிதி, பாஷா பாய், நான், நாலு பேரும் இந்தப் பக்கம். திரையில் சைத்ரா நிமிர்ந்தாள். ஒந்து, எரடு அசைந்த உதட்டில் சுகந்தியின் குரல் வந்து உட்கார்ந்தது.

“நீங்க மாறினது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் பக்கத்துல நின்னு பாத்தவ நான்தான். நீங்க கெட்ட பழக்கத்த விட்டீங்க, ஊரே பாராட்டுச்சு. அதே வருஷம் நான் பாடறத விட்டேன். வீட்ல சத்தம் கொறஞ்சது உங்களுக்குத் தெரியல. நீங்க சமைக்கக் கத்துகிட்டீங்க, அன்னைக்கு எனக்குப் பசியே இல்ல, இருந்தாலும் நல்லாருக்குன்னு சொன்னேன். நீங்க வளர வளர பாத்துட்டிருக்கறதே எனக்கு வேலையாப் போச்சு.”

சைத்ராவின் வாய் மூடியது. மூவத்தொந்து. சுகந்தியும் நின்றாள். அந்த நாலு விநாடியில் பாஷா பாய் மூச்சு விடவில்லை.

“இனிமே நான் மாறப்போறேன். நீங்க நின்னு பாருங்க.”

ஒரே டேக். உதடு மயிரிழை பிசகவில்லை. நந்திதா எழுந்து நின்றாள். இளம்பரிதி என் தோளைத் தட்டி, “மாமா, எப்படி மாமா எழுதினீங்க?” என்றார். வாழ்நாளில் முதல்முறையாகப் பாராட்டுக்கு நேரே பதில் சொன்னேன்.

“நான் எழுதலை. அவ எழுதினது. டைட்டில்ல அவ பேரு வரணும்.”

“ஆதவனுக்கு அடுத்த வாரம் என்ன மாமா?”

“நிக்கட்டும்” என்றேன்.

வெளியே வந்து டீ குடித்தோம். சுகந்திதான் பேசினாள். டீச்சருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் மறுபடியும் சொல்லிக்கொடுக்கிறார். அவள் தினமும் ஸ்ரீரங்கம் போனது பெருமாளுக்காக இல்லை என்று புரிந்தது.

“சைத்ரா மாதிரி மாசத்துல ஆறு நாள் வரேன். நிலாமதிக்குப் பேசிட்டுப் போறேன்.”

“எத்தன மாசத்துக்கு?”

“தெரியல. தெரிஞ்சா சொல்றேன்.”

மாலை வண்டிக்கு எழும்பூர் போனோம். வழியில் ஆட்டோவை நிறுத்தி வீட்டுக்குள் ஓடி, பரணிலிருந்து சுருதிப்பெட்டியை இறக்கி, என் புது வேட்டியால் துடைத்து எடுத்து வந்தேன். அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஆனால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்ப இரண்டு நிமிஷம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றேன். என்னிடம் எரிமலை, ஊழிக்காலம் எல்லாம் தயாராக இருந்தன. எதுவும் வரவில்லை.

“டிக்கெட் போட மறந்துட்டேன் சுகந்தி. உன் வரிய எடுத்து ஆதவனுக்குக் குடுத்துட்டேன். மன்னிச்சுடு.”

அவள் என்னைப் பார்த்தாள். பதினேழாம் நம்பர் இல்லை. அறுபத்து நான்கில் எதுவும் இல்லை. வண்டி நகர்ந்தது. பதில் வரும்முன் நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

தரவரிசை வந்திருக்கும். பார்க்கவில்லை.

திருச்சியிலிருந்து போன் வரவில்லை. காத்திருக்கிறேன். காபி நானே போட்டுக்கொண்டேன்.